செக்ரோல் ஆகாத ஒரு கொப்பி: மெதுவாக வேலை செய்யப் பழகுகிறவர்களுக்கு

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டப் பக்கம் ஒருவரிடம் போய் "கொஞ்சம் மெதுவா வேலை செய்யுங்க" என்று சொன்னால் முதலில் சிரிப்பார், அப்புறம் கோபப்படுவார். கோபத்தில் நியாயம் இருக்கிறது. பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) பிந்திப் போனால் திருப்பி அனுப்பப்பட்ட, நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போடப்பட்ட வீடுகளில் பிறந்தவர்கள் நாம். ஒரு நாள் நல்ல நாளா கெட்ட நாளா என்பதை மாலைத் தராசுதான் சொல்லும். இப்போது நம்மில் பலர் கொழுந்து பறிப்பதில்லை. பாடசாலையில் படிப்பிக்கிறோம், வங்கியில் இருக்கிறோம், டவுனில் சின்னக் கடை போட்டிருக்கிறோம், லயத்து (தோட்ட வரிசை வீட்டு) அறையில் உட்கார்ந்துகொண்டே கொழும்புக் கம்பனிக்கு லெப்டொப்பில் வேலை செய்கிறோம். மலையை விட்டு இறங்கியும் தராசை மட்டும் இறக்கி வைக்கவில்லை. ஞாயிறு மத்தியானம் கொஞ்சம் சாய்ந்து படுத்தால்கூட "இன்றைக்கு என்னத்தைச் செய்தாய்?" என்று உள்ளே ஒரு கணக்கப்பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்து வேகத்தைக் குறைக்கப் பழக்கும் இந்த வழிகாட்டி, தன் நாளில் ஒன்றிரண்டு மணி நேரமாவது தன் கையில் உள்ளவர்களுக்கு. செக்ரோலில் (தோட்டத்து வரவு, சம்பளப் பதிவேட்டில்) பேர் விழுந்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருப்பவரிடம் வேகத்தைக் குறைக்கச் சொல்வது அபத்தம். அங்கே வேகத்தை முடிவு செய்வது கம்பனியும் சம்பளப் பேச்சுவார்த்தையும்தான், கொப்பி அல்ல. ஆனாலும் இரவில் எழுதுவது பற்றிக் கீழே சொல்லியிருப்பது அவர்களுக்கும் உதவக்கூடும்.

மெதுவாக என்றால் என்ன? ஒரே நேரத்தில் குறைவான வேலைகளைக் கையில் வைப்பது, ஒவ்வொன்றுக்கும் அது உண்மையில் கேட்கும் நேரத்தைக் கொடுப்பது, நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்துவது. அவ்வளவுதான். சோம்பல் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்: உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, கிழமைக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களைவிட பக்கவாதம் வரும் ஆபத்து ஏறத்தாழ 35 சதவீதமும், மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். பகலில் ஒரு வேலை, பின்னேரம் டியூஷன், இரவில் ஒன்லைன் வேலை என்று கூட்டிப் பார்த்தால் 55ஐ நம்மில் எத்தனை பேர் தாண்டுகிறோம் என்று தெரியும்.

முதல் கிழமை: எதையும் மாற்றாமல் பாருங்கள்

ஒரு சீ.ஆர். கொப்பி, அதாவது கடையில் கிடைக்கும் சாதாரண கோடு போட்ட கொப்பி வாங்குங்கள். தடித்த அட்டையும் தங்க எழுத்தும் உள்ள டயரி வேண்டாம். அதில் எழுதும்போது கையெழுத்து அழகாக வர வேண்டும் என்ற பயமே பாதி வேலையைக் கெடுத்துவிடும். ஜெல் பேனையும் நம் பக்கத்துக்குச் சரிவராது. மழை மாதங்களில் கடதாசி ஈரம் இழுத்து எழுத்து படர்ந்துவிடும். சாதாரண போல்பொயின்ட் பேனை, இல்லாவிட்டால் பென்சில். கொப்பியை சுவர் ஓரமாக வைக்காமல் பொலித்தீன் உறையில் போட்டு, முடிந்தால் அடுப்புப் பக்கத்துத் தட்டில் வையுங்கள். நுவரெலியா, கந்தப்பளை பக்கம் இருப்பவர்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதல் ஏழு நாளும் ஒரே வேலைதான்: எதைத் தொடங்கினீர்கள், எப்போது விட்டீர்கள், இடையில் என்ன வந்தது என்று அப்போதைக்கப்போது ஒரு வரி. இப்படி:

"8.10 – தரம் 10 விடைத்தாள். 9.00க்கு விட்டேன். போன் மூன்று தரம். பக்கத்து வீட்டு அக்கா ஃபோர்ம் நிரப்ப வந்தார்."

நல்லது கெட்டது என்று எதுவும் எழுத வேண்டாம். ஆனால் ஒரு விடயத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வேலையைத் தொடங்கும் முன் அது எவ்வளவு நேரம் எடுக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை ஓரத்தில் போடுங்கள். ஏழாம் நாள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரை மணி நேரம் என்று நினைத்தது ஒன்றரை மணி நேரம் எடுத்திருக்கும். இது உங்கள் குறை இல்லை. மனிதர்கள் தங்கள் வேலைக்கு எடுக்கும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுவார்கள் என்று கானமனும் ட்வர்ஸ்கியும் 1979இலேயே எழுதிவிட்டார்கள். முன்பு அதே வேலை எவ்வளவு இழுத்தது என்று தெரிந்திருந்தும் இந்தத் தரம் சீக்கிரம் முடியும் என்றே மனம் நம்பும். அதனால் இரண்டாம் கிழமையிலிருந்து மனம் சொல்லும் நேரத்தோடு பாதியைக் கூட்டிப் போடுங்கள். மலையில் இருப்பவர்கள் அதற்கு மேலும் கொஞ்சம்: மரம் விழுந்து கரண்ட் போகும், மண் சரிந்து பாதை அடைபடும், டவுனுக்கு உள்ள ஒரே பஸ் அன்றைக்கு ஓடாது. இதெல்லாம் எதிர்பாராத தடங்கல் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம், ஆனால் மாதம் தவறாமல் வருவதை எதிர்பாராதது என்று எப்படிச் சொல்வது.

கையில் மூன்று, மற்றது வரிசையில்

இரண்டாம் கிழமை கொப்பியின் ஒரு பக்கத்தில் நடுவே கோடு போடுங்கள். இடப் பக்கம் "கையில்", வலப் பக்கம் "வரிசையில்". கையில் மூன்று வேலைக்கு மேல் இருக்கக் கூடாது. வீட்டுக் கூரைத் தகரம் மாற்றுவதும் வேலைதான், அதுவும் மூன்றில் ஒன்றாகவே எண்ணப்படும். ஒன்று முடிந்தால்தான் வரிசையிலிருந்து அடுத்தது இந்தப் பக்கம் வரலாம். சொல்ல லேசு, செய்யும்போது வயிறு கலங்கும், ஏனென்றால் வரிசைப் பக்கம் நீண்டுகொண்டே போகும். நீளட்டும். முன்பும் அவ்வளவு வேலையும் இருந்ததுதான், எழுதாததால் தெரியவில்லை.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவினால் கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டினார். ஐந்து வேலையைத் தொட்டுத் தொட்டு வைக்கிற நாளில் சாயங்காலம் களைப்பு மட்டும் மிஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கஷ்டமான பகுதி கொப்பியில் இல்லை, மனிதர்களிடம் இருக்கிறது. லயத்தில் ஓரளவு படித்த பிள்ளை ஒன்று இருந்தால் அந்த லயம் முழுவதற்கும் அதுதான் கந்தோர் (அலுவலகம்). அடையாள அட்டை விண்ணப்பம், அஸ்வெசும (அரச உதவிப் பணம்) படிவம், பாடசாலை அனுமதி, வெளிநாட்டில் இருக்கிற மகளிடமிருந்து பணம் வந்ததா என்று போனில் பார்ப்பது எல்லாம் உங்கள் வாசலுக்குத்தான் வரும். மாட்டேன் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது என்பது என் கட்சி. ஊரில் இருப்பதன் அர்த்தமே அதுதான். ஆனால் நேரம் குறிக்கலாம். "மாமி, ஞாயிற்றுக்கிழமை காலையில பத்து மணிக்கு வாங்க, உக்காந்து ஆறுதலா எழுதித் தாறேன், ஐடிய மறக்காம கொண்டு வாங்க." இரண்டு மாதம் இதையே சொன்னால் ஞாயிறு பத்து மணி என்பது லயத்துக்கே தெரிந்துவிடும். அவசரமான ஒன்றுக்கு விதிவிலக்கு கொடுங்கள், ஆஸ்பத்திரித் துண்டோடு வந்து நிற்கிறவரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லாதீர்கள்.

மேலதிகாரியிடம் கதைப்பது வேறு மாதிரி. அங்கே "முடியாது" என்பதற்குப் பதிலாக வரிசையைக் காட்டுங்கள். "சேர், இப்ப கையில இந்த ரெண்டும் இருக்கு. புதுசை முதல்ல செய்யணும்னா இதில எதைப் பிற்போடலாம்னு சொல்லுங்க." பெரும்பாலும் அவரே "சரி, வியாழன் தா" என்பார். சொல்லாவிட்டாலும், எதைப் பிற்போட்டது யார் என்பது வெளிச்சமாகிவிடும்.

ஒரு நாளுக்கு ஒரு நல்ல நேரம்

நாள் முழுவதையும் திருத்த முயல வேண்டாம். ஒரு மணி நேரம், அதிகம் போனால் ஒன்றரை. எந்த நேரம் என்பதை முதல் கிழமைக் கொப்பியே சொல்லும்: எப்போது இடைஞ்சல் குறைவாக விழுந்திருக்கிறது என்று பாருங்கள். விடியற்காலை நாலரைக்கு எழும்பு என்று ஊர் உலகமெல்லாம் அறிவுரை சொல்கிறது. சனவரியில் புல்லில் உறைபனி படிகிற இடத்தில் அந்த நேரத்தில் விரல் மடங்காது, அதுவும் அந்த நேரத்தில் நம் வீடுகளில் பெண்கள் ஏற்கனவே எழும்பி ரொட்டி தட்டிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் பாடசாலைக்கும் பெரியவர்கள் மலைக்கும் போன பிறகு எட்டுக்கும் பத்துக்கும் இடையில் லயம் அடங்கிப்போகும். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஆசிரியர்களுக்கு அது வாய்க்காது. அவர்களுக்கு பாடமில்லாத ஒரு வேளை கிடைத்தால் உண்டு.

அந்த ஒரு மணி நேரம் போன் அடுத்த அறையில். அடுத்த அறை இல்லாவிட்டால் சாமித் தட்டில். வாட்ஸ்அப் குழுக்களை மௌனமாக்குங்கள், வீட்டார் அழைப்பு மட்டும் ஒலிக்கட்டும்.

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்று ஒரு முறை உண்டு. 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவ சமையல் கடிகாரத்தை வைத்துத் தொடங்கியதால் அதற்கு பொமோடோரோ என்றே பெயர். தொடங்கவே மனம் வராத வேலைக்கு நல்ல மருந்து. விடைத்தாள் திருத்த, கணக்கு பதிய சரி. மொழிபெயர்ப்பு, பாடத்திட்டம் எழுதுவது போன்றவற்றில் சூடு பிடிக்கும் நேரத்தில் மணியடித்துக் கலைத்துவிடும், அங்கே வேண்டாம் என்பேன். குளிரில் நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும் என்பதால் மணி இல்லாவிட்டாலும் இடையில் எழும்பி ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொள்ளுங்கள்.

நிறுத்தும் நேரத்தையும் குறியுங்கள். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு வேலை செய்கிறவர்கள் மாட்டுவது இங்கேதான். குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே மாலை ஐந்து மணிக்கு "சின்னதாக ஒரு திருத்தம்" என்று வரும் செய்தி இங்கே இரவு பத்தரைக்கு வந்து விழும். அவர் உங்களைத் தூங்கவிடாமல் செய்ய நினைக்கவில்லை, அவருக்கு அது பகல். வேலை தொடங்கும் நாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்: இலங்கை நேரம் இரவு எட்டுக்குப் பிறகு வருவதற்கு மறுநாள் காலை பதில் வரும் என்று. சிலர் போய்விடக்கூடும். பெரும்பாலானவர்களுக்கு எப்போது பதில் வரும் என்று தெரிந்தால் போதும்.

இரவில் மூன்று வரி

இனி எழுதுவது. மூன்றே வரி, படுக்கும் முன்.

முதல் வரி, இன்று நடந்ததில் ஒன்று. வேலையாக இருக்க வேண்டும் என்றில்லை; தம்பியோடு நடந்த சண்டை, கறியில் உப்புக் கூடியது, எதுவானாலும் சரி. இரண்டாவது, உடம்பு எப்படி இருக்கிறது: இடுப்பு வலி, தலைப்பாரம், நல்ல பசி. இந்த வரியைத்தான் எல்லாரும் முதலில் விட்டுவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து மிகப் பயன்படுவதும் இதுதான், எந்த வேலைக்குப் பிறகு எந்த வலி வருகிறது என்று பக்கத்தைப் புரட்டினாலே தெரிந்துவிடும். மூன்றாவது, நாளை எங்கிருந்து தொடங்குவது. "கணக்கை முடிக்க வேண்டும்" என்று எழுதினால் பயனில்லை. "மார்ச் மாத ரசீதுக் கட்டு, மேலே இருந்து" என்று எழுதுங்கள்.

மூன்றாவது வரிக்கு ஆய்வும் துணை நிற்கிறது. 2018இல் அமெரிக்காவில் மைக்கேல் ஸ்கலின் குழுவினர் ஆய்வுகூடத்தில் படுக்க வந்தவர்களில் ஒரு பகுதியினரை, வரும் நாட்களில் செய்ய வேண்டியதை ஐந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள், மற்றவர்களை முடித்த வேலைகளை எழுதச் சொன்னார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிப் போனார்கள், விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம். சின்ன ஆய்வுதான், 57 பேர். ஆனால் கொப்பிக்கும் பேனைக்கும் மேல் செலவில்லாத காரியம், செய்து பார்ப்பதில் நட்டமில்லை.

சரி, எங்கே உட்கார்ந்து எழுதுவது? நாட்குறிப்பு பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் தனி மேசை, தனி அறை என்று தொடங்குவார்கள். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டில் கொப்பியைத் திறந்தாலே "என்ன எழுதுற?" என்று நாலு குரல் வரும். இதற்குச் சில வழிகள். பாடசாலைக் கொப்பி போலவே வைத்திருங்கள், முன்னால் பத்துப் பக்கம் கணக்கோ பாடமோ இருக்கட்டும், பின் பக்கத்திலிருந்து எழுதி வாருங்கள். ஆட்களின் பெயரை எழுத வேண்டாம், முதல் எழுத்தோ நீங்கள் மட்டும் அறிந்த ஒரு பட்டப் பெயரோ போதும். போனில் எழுதினால் அது வீட்டில் கைமாறும் போனா என்று யோசித்துக்கொள்ளுங்கள். வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் அதைக் கொப்பியில் எழுதி வீட்டில் வைக்காதீர்கள். எழுதுவதை விட பாதுகாப்பு முக்கியம். மற்றபடி, பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு கொப்பி வாங்கிக் கொடுத்து எல்லாரும் ஒரே நேரத்தில் எழுத உட்காருவது எளிது, அப்போது யாரும் யாருடையதையும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். கொஞ்ச நாளைக்காவது.

மனம் பாரமாக இருக்கும்போது மூன்று வரி போதாது. ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் ஒரு மாணவியோடு சேர்ந்து வெளியிட்ட பரிசோதனை இதில் பெயர் போனது: தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், வாழ்க்கையில் தாக்கிய ஒன்றைப் பற்றி நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து நிறுத்தாமல் எழுதுவது. எழுதிய உடனே மனம் இன்னும் கனத்தது, ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைந்தது. ஆகவே முதல் நாள் அழுகை வந்தால் பயப்பட வேண்டாம். எழுதி முடித்ததைக் கிழித்து அடுப்பில் போட்டாலும் பரவாயில்லை. ஆனால் மண்சரிவிலோ விபத்திலோ ஆளைப் பறிகொடுத்த புதிதில் யாரையும் எழுதச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். தூக்கம், சாப்பாடு எல்லாம் கிழமைக் கணக்கில் கெட்டுப்போனால், வாழ்ந்தென்ன என்ற எண்ணம் வந்தால், கொப்பியை மூடிவிட்டு தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

போயாவுக்குப் போயா

மாதம் ஒரு தரம் பின்னால் புரட்டிப் பார்க்க ஒரு நாள் வேண்டும். மாதக் கடைசி என்று வைத்தால் அன்றைக்கு ஆயிரம் வேலை இருக்கும். இந்த நாட்டில் நமக்குக் கிடைத்திருக்கும் வசதி போயா: ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அரச விடுமுறை, கந்தோர் பூட்டு, இறைச்சிக் கடை பூட்டு. 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமை விடுமுறையையே எடுத்துவிட்டு நிலவின் நான்கு கட்டங்களுக்கும் வந்த போயா நாட்களையும் அதற்கு முந்திய நாளையும்தான் கிழமை விடுமுறையாக வைத்திருந்தார்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இப்போது மாதம் ஒன்று. அன்று காலை அரை மணி நேரம் மூன்றே விடயம் பாருங்கள்: வரிசைப் பக்கத்தில் எதை இனிச் செய்யவே போவதில்லை (வெட்டிவிடுங்கள்), உடம்பு வரிகளில் எது திரும்பத் திரும்ப வருகிறது, அடுத்த மாதம் திருவிழா, கல்யாணம், பரீட்சை என்று எந்த நாட்கள் ஏற்கனவே போய்விட்டன.

பருவத்தையும் அப்போதே பாருங்கள். ஹட்டன், கினிகத்தேனை பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் மழை. வட்டவளை நாட்டிலேயே அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று. அதே ஜூலை, ஓகஸ்டில் பண்டாரவளை, பதுளை காய்ந்து கிடக்கும், அங்கே பெருமழை ஒக்டோபருக்குப் பிறகுதான். கூரை வேலை, ஓடித் திரிகிற வேலை எல்லாவற்றையும் காய்ந்த மாதத்துக்குத் தள்ளி, உட்கார்ந்து செய்வதை மழைக்கு வையுங்கள். பதுளைப் பக்கத்து ஊவாக்காரருக்கு ஏற்ற திட்டம் ஹட்டன் பக்கத்து டிக்கோயாக்காரருக்கு ஏற்காது.

எங்கே கெடுகிறது

தொடர்ந்து எத்தனை நாள் எழுதினேன் என்று எண்ணத் தொடங்கும் இடத்தில். அப்புறம் நாளுக்கு மார்க்ஸ் போடுவது, எழுதாத நாளுக்குச் சிவப்புப் புள்ளி, முடித்த வேலைகளைக் கூட்டிக் கீழே மொத்தம். இதெல்லாம் வந்துவிட்டால் அது உங்கள் கையால் நீங்களே எழுதும் செக்ரோல். நம் முன்னோரைப் பற்றித் தோட்டத்தில் எழுதி வைக்கப்பட்டதில் பெரும் பகுதி கணக்குத்தான்: துண்டில் (தொழிலாளியின் கடனை எழுதிய சீட்டில்) கடன், பிறகு செக்ரோலில் பேர். துண்டு முறை 1921இல் ஒழிந்தது. அவர்கள் என்ன நினைத்தார்கள், எந்தக் காலில் வலி என்று அந்தப் பேரேடுகளில் தேடினால் கிடைக்காது. அதனால் உங்கள் கொப்பியில் கூட்டல் வேண்டாம் என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

செயலிகளும் அப்படித்தான். இலவசமாகக் கிடைப்பவை பல, நாளுக்கு மூன்று முறை நினைவூட்டல் அனுப்பி உங்களைத் துரத்தும். பழகிய பிறகு வேண்டுமானால் பாருங்கள்.

பரீட்சைக் காலம், வீட்டில் காய்ச்சல், திருவிழா என்று இரண்டு மூன்று கிழமை விட்டுப்போகும். எல்லாருக்கும் போகும். விட்ட நாட்களை நினைவிலிருந்து எடுத்து நிரப்பாதீர்கள், வெற்றுப் பக்கமும் விட வேண்டாம். கடைசியாக எழுதிய வரிக்குக் கீழேயே அன்றைய திகதியைப் போட்டு, நாளை எங்கிருந்து என்ற மூன்றாவது வரியை மட்டும் எழுதிவிட்டுப் படுங்கள். மற்ற இரண்டு வரியும் அடுத்த நாளைக்கு வரட்டும்.